கீழே சோப்பு பிடிக்காது, மேலே சோப்பு விடாது

சேலம் – ஏற்காடு தடத்தில் ஒன்பது வருடம் கண்டக்டராக ஓடினேன். இப்போது டவுன் பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். மலைத்தடத்தில் இருந்த காலத்தில் முதல் ஏழு வருடம் என் முகத்தை நானே தேய்த்துத் தேய்த்துக் கெடுத்துக்கொண்டேன். கடைசி இரண்டு வருடத்தில்தான் அதை மீட்டேன். முகத்துக்கு சோப்பு போடலாமா, கூடாதா என்று என்னிடம் கேட்கிற டிரைவர், கண்டக்டர் தம்பிகள் நிறைய பேர். ஒவ்வொருவருக்கும் டீக்கடை வாசலில் பாதி பாதியாகச் சொல்லி வந்ததை ஒரு முறை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை. ஏறி இறங்கினால் ஒரு நடை. கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் மலை தொடங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரம். சித்திரையில் சேலத்தில் வண்டி எடுக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஏற்காடு ஒண்டிக்கடை போய் இறங்கும்போது அதே ஈரச்சட்டை சில்லென்று உடம்பைப் பிடிக்கும். ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு முறை வெக்கையும் குளிரும் முகத்தில் மாறி மாறி அடிக்கும்.

அதோடு டீசல் புகை, வளைவில் முன்னால் போகிற லாரி கிளப்பும் தூசி, கூட்டத்து வேர்வை, கை மாறி கை மாறி வந்த நோட்டு. மே மாதக் கோடை விழா சமயத்தில் வண்டிக்குள் கால் வைக்க இடம் இருக்காது. வளைவுகளில் யாராவது ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுப்பார். இவ்வளவும் பட்ட முகத்தை வெறும் தண்ணீரில் அலசினால் மனசு ஒப்பாது. டிக்கெட் கட்டுக்குப் பக்கத்தில், பையிலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சோப்பு வைத்திருப்பேன். கீழே ஒரு குழாய், மேலே ஒரு குழாய். வண்டி நின்றதும் முதல் வேலை முகம் கழுவுவது. அது ஆறு முறை. காலையில் குளிக்கும்போது ஒன்று, ராத்திரி வீடு திரும்பியதும் ஒன்று. ஆக எட்டு.

கழுவித் துடைத்ததும் இரண்டு கன்னமும் காதுப்பக்கம் இழுத்துக் கட்டியது போல் இருக்கும். விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வரும். அந்த இழுப்பும் அந்தக் கீச்சும்தான் சுத்தம் என்று நினைத்திருந்தேன். பாத்திரம் விளக்கும்போது கீச்சென்று வர வேண்டும், அப்போதுதான் எண்ணெய் போனது என்று அம்மா சொல்வார். முகத்துக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டேன். பாத்திரத்தில் எண்ணெய் இருந்தால் அழுக்கு. முகத்தில் எண்ணெய் இருப்பது தோல் தனக்காகச் சுரந்துகொண்டது. இந்த வித்தியாசம் விளங்க எனக்கு ஏழு வருடம் ஆனது.

மூன்றாவது வருட மார்கழியில் முதலில் தெரிந்தது. வாயோரமும் கன்னமும் சாம்பல் பூத்தது போல வெளுத்தன. மூக்கோரத்தில் செதில் உரிந்தது. இறங்கும் நடையில் அடிவாரம் வந்ததும் வேர்வை அரும்பும், அது பட்ட இடமெல்லாம் திகுதிகுவென்று எரியும். சேவிங் செய்தால் பிளேடு பட்ட இடத்தில் பொரிப்பொரியாய் எழும்பும். அழுக்கு உள்ளே தங்கியிருக்கிறது, அதனால்தான் இப்படி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு தேய்ப்பு இரண்டு தேய்ப்பானது. பிறகு கிருமி கொல்லும் என்று அட்டையில் போட்டிருந்த சோப்பு வாங்கினேன். எரிச்சல் கூடியது. அமெரிக்காவில் 2016-ல் ட்ரைக்ளோசான் உள்ளிட்ட பத்தொன்பது கிருமிநாசினிப் பொருள்களைக் கடையில் விற்கும் சோப்புகளில் போடக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். சாதா சோப்பும் தண்ணீரும் செய்வதை விட அவை கூடுதலாக ஒன்றும் செய்வதாக நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் அங்கே சொன்ன காரணம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

எலுமிச்சம்பழக் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மலையேறும் வண்டியில் பாதிப் பேர் கையில் எலுமிச்சை இருக்கும், குமட்டலுக்கு முகர்ந்துகொண்டே வருவார்கள். இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வெளுத்த திட்டுக்கும் கருப்புக்கும் எலுமிச்சை நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு நாள் மேலே ஸ்டாண்டில் பழத்தை நறுக்கித் தோலோடு கன்னத்தில் தேய்த்தேன். பத்து நிமிடம் வைத்துப் பேருக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோர சீட்டில் உச்சி வெயிலில் இறங்கி வந்தேன். குளிர்ந்த காற்று அடித்ததால் வெயில் உறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கன்னத்தில் எரிச்சல். பிறகு சாறு வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடு. அது மறைய நாலைந்து மாதம் ஆயிற்று.

எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் இருக்கிற சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் வரை புற ஊதாக் கதிர் கூடும். ஏற்காட்டில் குளிர் இருக்கிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைக்கு முகத்தில் வேலையே இல்லை. சாதம் பிசையவும் குமட்டலுக்கு முகரவும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து செய்தது அதைவிடப் பெரிய தப்பு. ஒரு மருந்துக்கடையில் முகத்தைக் காட்டினேன். ஒரு சின்ன ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் செதில் போயிற்று, சிவப்பு அடங்கிற்று. வீட்டில் எல்லோரும் முகம் பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். நிறுத்தினால் மூன்றாம் நாள் முன்பை விட மோசமாகச் சிவந்துவரும். மறுபடி தடவுவேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. அது ஸ்டீராய்டு களிம்பு. இந்த வகைக் களிம்புகள் பலவற்றை 2018-ல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்கிற பட்டியலில் சேர்த்தார்கள். மருத்துவர் அளந்து கொடுத்தால் அது நல்ல மருந்துதான். நாமாகவே மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, விட முடியாத பழக்கமாகிவிடும். பளிச்சென்று ஆக்குகிற எந்தக் களிம்பையும் சீட்டு இல்லாமல் வாங்கி முகத்தில் தடவாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கடைசியில் வீட்டுக்காரிதான் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். தடவிய களிம்பின் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவறீங்க?”

“எட்டு தடவைங்க.”

“சோப்பு போட்டா?”

“ஆமாங்க.”

“கழுவினதும் முகம் எப்படி இருக்கும்?”

“நல்லா இழுத்துப் பிடிக்குங்க டாக்டர். சுத்தமா இருக்கும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இழுக்குதுன்னா தோல்ல இருந்த எண்ணெய் போயிருச்சு, அது பின்னாடியே தண்ணியும் போயிட்டிருக்குன்னு அர்த்தம். அழுக்கு உங்க முதல் தேய்ப்புலயே போயிருக்கும். அடுத்த தேய்ப்புல போனது உங்களோடது.”

கையைக் காட்டச் சொன்னார். “இந்தக் கைக்கு எவ்வளவு வேணா சோப்பு போடுங்க. நோட்டு புடிக்கிற கை, சாப்பிடற கை. முகம் நோட்டு வாங்கறதில்லை. உங்க முகத்துல சேர்ற அழுக்குல பாதி உங்க கை கொண்டுபோய் வைக்கிறது.”

அன்று சாயங்காலம் டூட்டியில் என்னையே கவனித்துப் பார்த்தேன். டிக்கெட் கிழிக்க விரலை ஈரப்படுத்துகிறேன். நோட்டு எண்ணுகிறேன். அதே விரலால் மூக்கைச் சொறிகிறேன், நெற்றி வேர்வையை வழிக்கிறேன். தோளில் கிடந்த துண்டு இன்னொரு விஷயம். முகம் துடைத்த துண்டாலேயே சீட்டுத் தூசியைத் தட்டி, வாந்தி தெறித்த கம்பியைத் துடைத்து, மறுபடி முகத்தைத் துடைத்திருக்கிறேன். எட்டு முறை கழுவியதற்கு நியாயம் இருந்தது என்றால் அது அந்தத் துண்டால்தான் இருந்தது. முதலில் மாற்றியது அதைத்தான். முகத்துக்கென்று தினம் துவைத்த ஒரு கைக்குட்டை சட்டைப் பையில். மற்றதுக்கெல்லாம் தோளில் துண்டு. காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே தாடையில் வந்த கொப்புளங்கள் பாதி நின்றன.

டாக்டரம்மா சொன்ன மீதி விஷயத்தை எனக்குப் புரியவைத்தது என் மகள். அப்போது அவள் பிளஸ் ஒன், அறிவியல் பிரிவு. பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடையில் பிஎச் தாள் ஒரு சின்னப் புத்தகம் போல் கிடைக்கும். அதை வாங்கிவந்து சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். ஏழு நடு. அதற்குக் கீழே புளிப்பு, அதாவது அமிலம். மேலே காரம், மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது. மோரில் நனைத்தால் தாள் ஆரஞ்சு. எங்கள் வீட்டு சோப்பு நுரையில் நனைத்ததும் நீலப்பச்சை, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில். மனிதத் தோலின் மேற்பரப்பு ஐந்தை ஒட்டி இருக்கும் என்றாள். தோல் கொஞ்சம் புளிப்பு. அந்தப் புளிப்பில்தான் நல்ல நுண்ணுயிர்கள் தங்கும், தோலின் பூட்டு இறுகியிருக்கும். ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு. ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நாலு எண் என்றால் பத்தாயிரம் மடங்கு.

ஒரு தரம் சோப்பு போட்ட தோல் தன் பழைய புளிப்புக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம். நான் ஒன்றேகால் மணிக்கு ஒரு தரம் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு வருடத்தில் டூட்டி நேரத்தில் ஒரு நாளாவது என் முகம் தன் நிலைக்குத் திரும்பியிருக்குமா என்று தெரியவில்லை.

நல்ல சோப்பு, கெட்ட சோப்பு என்பது இந்த விஷயத்தில் உதவாது என்பதும் அப்போது தெரிந்தது. எண்ணெயையும் கொழுப்பையும் காஸ்டிக் சோடாவோடு சேர்த்தால் சோப்பும் கிளிசரினும் வரும். அப்படிச் செய்த எந்த சோப்பும் காரமாகத்தான் இருக்கும். ஐந்துக்கு இறக்கினால் அது சோப்பாகவே இருக்காது, மறுபடி கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். சந்தனம், வேம்பு, கண்ணாடி போன்ற சோப்பு, விலை கூடிய சோப்பு எல்லாமே இதில் ஒன்று. அட்டையில் டிஎஃப்எம் என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும், சோப்பில் கொழுப்புச் சத்து எவ்வளவு என்பதற்கான கணக்கு. முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. பேத்திங் பார் என்று போட்டிருந்தால் அது வேறு வகை, இன்னும் கீழே போகலாம். உடம்புக்கு வாங்கும்போது இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள், கலப்படப் பொடி குறைவாக இருக்கும். ஆனால் 76 இருந்தாலும் முகத்துக்குக் காரம் காரம்தான்.

சிண்டெட் என்கிற வகை வேறு. பார்க்க சோப்புக் கட்டி போலவே இருக்கும், சோப்பு கிடையாது, வேறு கழுவும் பொருளில் செய்தது. 1957-ல் அமெரிக்காவில் வந்த டவ் கட்டி இந்த வகையில் பேர் பெற்றது. பொருள் பட்டியலில் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் மாதிரி ஒரு நீளப் பெயர் முதலில் வரும். இவற்றைத் தோலுக்குப் பக்கத்துப் புளிப்பில் செய்ய முடியும். டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது இந்த வகையில் ஒன்று. மகள் தாளில் தொட்டுப் பார்த்தபோது ஆறுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. விலை கூடத்தான். நாளைக்கு ஒரே தடவை போடுவதால் ஒரு கட்டி முகத்துக்கு மட்டும் நாலு மாதம் வந்தது.

இனி தண்ணீர். சேலத்துக்காரர்களுக்கு இது சோப்பை விடப் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். எங்கள் தெருவில் மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாள் வரும், மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர்தான். போர் தண்ணீரில் பருப்பு வேகாது. வாளியில் வெள்ளையாகப் படியும். ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு போல ஏறும். பாறை ஊர் நம்முடையது. மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் வெட்டுகிறார்களே, மேக்னசைட், அதில் இருக்கிற மெக்னீசியமும் அதன் கூட்டாளியான கால்சியமும் தண்ணீரில் கரைந்திருந்தால் அதுதான் கடினத் தண்ணீர். இவை இரண்டும் சோப்பைக் கண்டால் பிடித்துக்கொண்டு திரிந்துபோகும். நுரை வராது, தயிர் திரிந்தது போல ஒரு பிசுக்கு வரும்.

மகள் இதற்கும் ஒரு பரிசோதனை செய்தாள், நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மூன்று கண்ணாடி பாட்டில். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் மேட்டூர்த் தண்ணீர், ஒன்றில் நான் ஏற்காட்டிலிருந்து பிடித்துவந்த ஊற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டு மூடிக் குலுக்கினாள். ஏற்காட்டுத் தண்ணீரில் பாட்டில் கழுத்து வரை நுரை. மேட்டூர்த் தண்ணீரில் பாதி. போர் தண்ணீரில் நுரை ஒரு விரல்கூட இல்லை, வெள்ளை வெள்ளையாய்த் துகள் மிதந்தது.

“அப்பா, இதைத்தான் முகத்துல ஒட்டிவிட்டுட்டு வர்றீங்க” என்றாள்.

கீழே நுரை வரவில்லை என்று சோப்பை மேலும் மேலும் தேய்த்திருக்கிறேன். மேலே தண்ணீர் மெதுத் தண்ணீர், கால்சியமும் மெக்னீசியமும் குறைவு. இரண்டு தேய்ப்புக்கே நுரை பொங்கும், எவ்வளவு அலசினாலும் வழுவழுவென்றே இருக்கும், சோப்பு இன்னும் போகவில்லை என்று மறுபடி தேய்ப்பேன். கீழே பிடிக்காமலும் மேலே விடாமலும், இரண்டு ஊரிலும் தேய்ப்புதான் கூடியது. மெதுத் தண்ணீரில் அந்த வழுவழுப்பு இயல்பு. நாலு கை தண்ணீர் அள்ளி அலசினால் போதும். போர் தண்ணீர் வீட்டில் இருப்பவர்கள் முகத்துக்கு மட்டும் ஒரு குடம் மேட்டூர்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ எடுத்துவையுங்கள். முகம் கழுவ இரண்டு சொம்பு போதும். அதுவும் இல்லாவிட்டால் சோப்பை விட்டுச் சிண்டெட்டுக்கு மாறுவதில் லாபம் உண்டு, அது கடினத் தண்ணீரில் திரியாது.

எங்கள் டிரைவர் அண்ணன் நாகலூர்க்காரர். முகத்துக்கு சோப்பு போட்டே பார்த்ததில்லை. காலையில் பச்சைத் தண்ணீர், டூட்டி முடிந்ததும் பச்சைத் தண்ணீர். ஐம்பத்தாறு வயதில் அவர் தோல் என் தோலை விட நன்றாக இருக்கும். “ஏந்தம்பி, மூஞ்சிய அந்தத் தேய் தேய்க்கற, அது என்ன பழைய பாத்திரமா?” என்று பல தடவை சொல்லியிருக்கிறார், நான் காதில் வாங்கவில்லை. அவரைப் பார்த்துவிட்டு எல்லோருமே வெறும் தண்ணீரோடு நிறுத்தலாம் என்றும் சொல்லிவிட மாட்டேன். அவர் நோட்டு எண்ணுவதில்லை, கையை முகத்தில் வைப்பதில்லை. டீசல் கரி எண்ணெய்ப் பிசுக்கு உள்ளது, வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது. வெயிலுக்கு சன்ஸ்கிரீன் தடவுகிறவர்களுக்கும், வியாபாரம், விசேஷம் என்று பவுடர், மேக்கப் போடுகிறவர்களுக்கும் ராத்திரி ஒரு மென்மையான கழுவல் வேண்டும்.

அப்புறம் மாவு. சோப்பை விட்டேன் என்றதும் வீட்டில் கடலைமாவும் பயத்தமாவும் வந்தன. தாளில் தொட்டால் காரமில்லை, அந்த வரை நல்லது. சலித்த மாவை வழுவழுப்பாகக் குழைத்து, தேய்க்காமல் தடவி, உடனே கழுவினால் எனக்கு ஒத்துக்கொண்டது. அதையே பூசிக் காயவிட்டுக் கழுவியபோது பழைய இழுப்பு அப்படியே திரும்பி வந்தது. காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்ப்பதும் உரசல்தான். எண்ணெய்ப்பசை உள்ள தோலுக்கு ஒத்துப்போவது, மார்கழியில் வெடித்துக் கிடக்கிற முகத்துக்கு ஒத்துக்கொள்ளாது. ஏற்காட்டு ஈரத்தில் மாவு டப்பாவுக்குள் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். கொஞ்சமாக அரைத்து வைப்பது நல்லது.

களிம்பை டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அந்த ஆறு வாரம் கஷ்டமான காலம். முகம் சிவந்து கிடக்கும், பயணிகள் என்ன ஆச்சு என்று கேட்பார்கள், எத்தனையோ முறை ட்யூபை எடுக்கக் கை போனது. அப்போது வழக்கத்தில் வந்ததைத்தான் இன்று வரை வைத்திருக்கிறேன். காலையில் தண்ணீர் மட்டும். சேவிங்குக்கு க்ரீம், அது முடிந்ததும் மறுபடி எதுவும் போட்டுக் கழுவுவதில்லை. ஒவ்வொரு நடை முடிவிலும் முதலில் கையை சோப்பு போட்டு நன்றாகக் கழுவுவேன், பிறகு அந்தச் சுத்தமான கையால் முகத்தில் நாலு தரம் தண்ணீர் அள்ளி விடுவேன். கைக்குட்டையை ஒற்றி எடுப்பேன், தேய்ப்பதில்லை. ராத்திரி ஒரு முறை சிண்டெட், விரல் நுனியால், அரை நிமிடம். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் ஈரப்பதம் காக்கும் க்ரீம். மலைத்தடத்தில் இருந்தபோது மார்கழி, தை மாதங்களில் ராத்திரி மேலே தங்கும் டூட்டி என்றால் உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலின். முகத்தில் வெந்நீர் விடுவதில்லை. குளிருக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெயை சோப்பு போலவே அதுவும் கரைத்துக்கொண்டு போகும்.

முதல் வாரம் முகம் அழுக்காகவே இருப்பதாகத் தோன்றியது. பிசுபிசுப்பு தாங்கவில்லை. அது அழுக்கு இல்லை என்று சோதித்துக்கொள்ள வெள்ளைப் பஞ்சை நனைத்து நெற்றியில் ஒற்றிப் பார்ப்பேன், வெள்ளையாகவே வரும். இழுப்பு இல்லாத முகத்துக்குப் பழக மூன்று வாரம் ஆனது. ஐந்தாம் வாரம் இறங்கும் நடையில் கோரிமேட்டில் வேர்வை வழிந்தது, எரியவில்லை. அந்த இடத்தை இன்றைக்கும் கடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் போகவில்லை, மூக்கோரச் செதில். அது வறட்சி இல்லை, தலையில் வருகிற பொடுகின் தம்பி என்று டாக்டரம்மா சொன்னார். தோலிலேயே வாழ்கிற ஒரு வகைப் பூஞ்சையோடு சம்பந்தப்பட்டது, எண்ணெய் தடவினால் கூடும். அதற்குத் தனி மருந்து. ஆகவே மூக்கோரமும் புருவமும் மட்டும் மஞ்சளாகச் செதில் விட்டால், க்ரீம் மாற்றி மாற்றிப் பார்க்காமல் ஒரு முறை தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நம் நிறத்துத் தோலில் எந்த எரிச்சலும் கருப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும் என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

டெப்போவில் மெக்கானிக் தம்பிகளைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. கையில் கிரீஸ் என்று டீசலிலும் துணி சோப்புத் தூளிலும் கழுவுகிறார்கள், அதே கையோடு முகத்தையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறார்கள். முகத்தில் கிரீஸ் பட்டால் கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துப் பழைய துணியால் துடைத்துவிட்டு, பிறகு மென்மையானதைப் போட்டுக் கழுவினால் வந்துவிடும். இரண்டு பேருக்குச் சொல்லி இப்போது பாட்டில் அங்கே அலமாரியில் இருக்கிறது.

மகள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். இரண்டாம் வருடத்தில் கன்னம் முழுக்கப் பரு. அவள் எட்டாவது படிக்கும்போதிலிருந்து ஸ்கூல் விட்டு வந்ததும் நான் சொன்ன ஒரே வார்த்தை, “மூஞ்சிய நல்லா சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவு கண்ணு” என்பதுதான். பரு அழுக்கால் வருவதில்லை. தோலுக்குள்ளே எண்ணெய்ச் சுரப்பி, அடைபட்ட துவாரம், ஹார்மோன் என்று அதன் காரணமெல்லாம் உள்ளே இருக்கிறது. தேய்த்தால் சிவக்கும், தழும்பு விழும். ஒரு நாள் அவளிடம் அதைச் சொல்லி, இத்தனை வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் சாமி என்றேன். அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். காலையும் ராத்திரியும் மென்மையான கழுவல், ராத்திரி ஒரு ஜெல், மூன்று மாதம் பொறுமை என்றார்.

இப்போது அவள் முகம் கழுவிவிட்டு வெளியே வரும்போது நான் கேட்பது ஒன்றுதான்.

“கண்ணு, இழுக்குதா?”

“இல்லப்பா.”